சட்டியில் நின்ற உப்பு

எங்கள் ஷாப்புத் தெருவுக்குப் பெண் கொடுக்க எவனும் துணியமாட்டான். தோல் ஊறவைக்கிற ஷாப்புகளின் கழிவுநீர் நிலத்தில் இறங்கி, கிணறுகளையெல்லாம் கெடுத்து வைத்திருந்தது. வாயில் வைத்தால் உப்பு, விழுங்கினால் கசப்பு. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கத் தோட்டத்துக் கிணற்றில்தான் குடிதண்ணீர் எடுக்கிறேன். பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் சுமந்தேன். முதல் செம்பு மாமியார் அங்கம்மாளுக்கு.

தெருவே திரண்டு முனிசிபாலிட்டிக்குப் போய் மன்றாடியதில், அறுபத்திரண்டாம் வருஷம் குழாய் போட்டுத்தர ஒத்துக்கொண்டார்கள். ஆனால் தண்ணீரைச் சோதித்து, உப்பு கூடுதல் என்று தெரியவேண்டுமாம். தெருவுக்குப் பொதுவாய்ப் புழங்குவது எங்கள் வீட்டுக் கிணறு என்பதால் அதிகாரி பாட்டில்களோடு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

"எப்டி சார் பாப்பீக?" என்று கேட்டேன்.

"தண்ணிய அளந்து பீங்கான் கிண்ணியில ஊத்தி, வத்துற வரைக்கும் காய்ச்சுவோம்மா. அடியில நிக்கிற உப்ப நிறுத்துப் பாப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கிணற்று உப்புக்குத் தராசு வேறு வேண்டுமா? குழாய் வந்த மாதிரிதான் என்ற சந்தோஷத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கென்று பார்த்து, கொழுந்தன் இருளப்பனுக்கு நத்தத்திலிருந்து பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏற்கெனவே வந்த இடமெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் செருப்பைத் தேடிய இடங்கள். நான் திரும்பி வந்தபோது அதிகாரி போய்விட்டார். முந்தின நடையில் கொண்டுவந்து நிறைத்து வைத்துப்போன நல்ல தண்ணீர்க் குடம் பாதியாகக் கிடந்தது.

"வந்தவுகளுக்குக் குடிக்கக் குடுத்தேன்" என்றாள் அத்தை. நம்பினேன்.

கல்யாணத் தேதி குறித்த வாரமே முடிவும் வந்தது. ஷாப்புத் தெருத் தண்ணீர் குடிக்க உகந்தது, குழாய் தேவையில்லை. ஷாப்பு முதலாளிகள் அதிகாரியை வளைத்துவிட்டார்கள் என்று தெருவே மண்ணை வாரித் தூற்றியது. அத்தையும் கூட நின்று தூற்றினாள். அப்போதுதான் எனக்குப் பாதிக் குடம் நினைவுக்கு வந்தது. கிணற்றுத் தண்ணீர் என்று அத்தை பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தது நான் இடுப்பில் சுமந்து வந்த தண்ணீர்.

நத்தத்துப் பெண் முத்துப்பேச்சி மருமகளாக வந்த மூன்றாம் நாள், அறியாப் பிள்ளை, வீட்டுக் கிணற்றில் இறைத்துப் பருப்புப் போட்டாள். விறகு தீர்ந்ததே தவிர பருப்பு வேகவில்லை.

"ஒங்க நத்தத்துல பருப்பு வேகவைக்கக்கூடச் சொல்லிக் குடுக்கலையா?" தெருவுக்கே கேட்கும்படி அத்தை கத்தினாள். அந்தப் பெண் கண் கலங்கி நின்றது.

அகலச் சட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, வற்ற வற்ற மேலும் ஊற்றி, சொட்டு ஈரமில்லாமல் காய்ச்சினேன். அடியில் வெள்ளையாகப் படிந்ததைக் கரண்டியால் சுரண்டி, மத்தியானம் அத்தையின் இலையில் உப்பு வைக்கிற இடத்தில் வைத்தேன்.

"என்னடி இது?"

"நம்ம கெணத்து உப்பு அத்தே. அந்த ஆபீசர் கிண்ணியில நிக்காமப் போச்சே, அது."

அத்தையின் முகம் செத்துவிட்டது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாக. அந்தத் தண்ணியக் குடுத்து, பொண்ணு வீட்டுக்காரவுக முன்னாடியே ஆபீசர் வாயில வச்சுப் பாத்திருந்தா, எம் மவனுக்கு எவ வந்திருப்பா?" என்றாள்.

வாயால் ஆயிரம் பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இவள் ஒரு பொய்யைப் பாட்டிலில் ஊற்றி சர்க்கார் கையில் கொடுத்துவிட்டாள்.

"வந்தவ என்ன பாவம் பண்ணுனா?" என்று கேட்டேன். அத்தை உப்பை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டு, நான் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்து எழுந்தாள்.

மறுநாள் விடியலில் முத்துப்பேச்சியிடம் ஒரு குடத்தைக் கொடுத்தேன். "எம்புட்டு தூரம்க்கா?" என்றாள். நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ரெண்டு பேரு ஆயிட்டீகள்ல? இனிமே நான் குளிக்கவும் நல்ல தண்ணியாக் கொண்டாங்க."