இரண்டு சகலைகளும் ஓர் அன்னப்படகும்

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், அந்த ஊருக்குக் குடிவந்து பத்து வருடங்களுக்கு மேலாகியும் ஏரியில் ஒரு தடவைகூடக் கால் நனைத்ததில்லை. இத்தனைக்கும் ஏரி, கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் கடையைத் திறந்தால் மூடும்வரை யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். படகிலிருந்து குனிந்து தண்ணீரில் முகம் பார்த்தவர்கள், செல்ஃபி எடுக்கக் கழுத்தை நீட்டியவர்கள், காற்றடிக்கும்போது சட்டென்று திரும்பியவர்கள் என்று கண்ணாடியை ஏரிக்குக் கொடுத்துவிட்டுத் தட்டுத்தடுமாறி வருகிறவர்களால்தான் அவருடைய வியாபாரத்தில் பாதி ஓடியது. வருகிறவர்கள் ஃப்ரேம் பார்த்துக்கொண்டே, ஊரில் என்னென்ன பார்த்தோம் என்று சொல்லுவார்கள். கேட்டுக்கேட்டு அவருக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. மலைமேல் காட்சிமுனை, ஏரி நடுவே பறவைத்தீவு, அணைக்கட்டுப் பூங்கா, மிதித்து ஓட்டும் அன்னப்படகு.

அந்தச் சரக்கையெல்லாம் அவர் தன் சகலையிடம் போனில் அள்ளிவிடுவார்.

"சாயங்காலம் கடையை அடைச்சதும் ஒரு படகை எடுத்துக்கிட்டுத் தீவு வரைக்கும் போய்ட்டு வந்தாத்தான் சகலை, நமக்குத் தூக்கமே வரும்."

சமையலறையில் அவர் மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சொல்லுவாள்: "தூக்கம் வர்றதுக்குப் படகு எதுக்கு? உங்களுக்குத்தான் நாற்காலியே போதுமே."

சகலை என்பவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். வேறொரு பெரிய ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய வலது காலுக்குத் தனிப்புத்தி வந்திருந்தது. அவருடைய காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக் இல்லாத இடங்களிலும் அவர் அதை மிதிப்பார். பேருந்தில் மிதிப்பார். லிஃப்டில் மிதிப்பார். ஒருமுறை பல் மருத்துவர் நாற்காலியைச் சாய்த்தபோது மிதித்ததில், மருத்துவர் கையிலிருந்த கிண்ணம் பறந்துபோய் ஜன்னலில் விழுந்தது.

அந்தச் சகலை ஒருநாள் போனில், "லீவு போட்டாச்சு. நாங்க ரெண்டு பேரும் வர்றோம். நீங்க சொன்ன அத்தனையும் நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டணும்" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் போனை வைத்த கையோடு சமையலறைக்கு ஓடினார்.

"வழியே தெரியாதே எனக்கு" என்று மனைவியிடம் புலம்பினார்.

"அங்கங்க போர்டு வச்சிருப்பாங்க, படிச்சுக்கிட்டே போங்க. கண்ணாடிக்கடைதானே வச்சிருக்கீங்க?"

விருந்தாளிகள் வந்த மறுநாள் காலை, நால்வரும் கடைக்காரரின் சின்னக் காரில் காட்சிமுனைக்குக் கிளம்பினார்கள். சகோதரிகள் பின்னால் உட்கார்ந்து, உட்கார்ந்த நிமிடமே பேசத் தொடங்கிவிட்டார்கள். சகலை முன்னால். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவருடைய கால் தரையை மிதித்தது.

"கியரைக் குறைங்க. ஹாரன். எங்க ஹாரன்? இப்பப் பாருங்க, எதிர்ல லாரி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வரலையே சகலை."

"வந்தா?"

வராத லாரிக்கு ஒதுங்கும் மும்முரத்தில், பாதை இரண்டாகப் பிரிந்த இடத்திலிருந்த போர்டைக் கடைக்காரர் கவனிக்கவில்லை. கார் மூச்சுமுட்ட ஏறிப்போய் நின்ற இடத்தில் ஒரு செல்போன் கோபுரம் இருந்தது. சுற்றிலும் கம்பிவேலி. வேலிக்குள் ஒரு நாய். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி டிபன் பாக்ஸைத் திறந்தபடியே கேட்டான்: "காட்சிமுனைக்கா சார்? அது அந்த மலை."

அவன் கை காட்டிய எதிர்மலையில் வண்ணவண்ணமாக ஒரு கூட்டம் தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. எல்லோரும் கீழே எதையோ பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்த ஏரி இங்கிருந்து ஒரு துளிகூடத் தெரியவில்லை.

"தெரியும்பா, தெரியும்" என்றார் கடைக்காரர், குரலை உயர்த்தி. "ஏரியை எல்லாரும்தான் பாக்குறாங்க. பாக்குறவங்களைப் பாக்கணும்னா இங்கதான் வரணும். இது வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாத இடம் சகலை."

சகலை கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கோபுரத்தை. பிறகு நாயை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், நம்பாமலும் இருக்க முடியாமல். கோபுரத்தின் முன் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார். பின்சீட்டிலிருந்து சகோதரிகள் இறங்கவே இல்லை. இருமுவதுபோல் ஏதோ சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் படகு. அதிலிருந்து தப்ப வழியே இல்லை. கடைக்காரர் முதுகுவலி என்று பார்த்தார், கண்ணாடி வாங்க ஒருவர் வருகிறார் என்று பார்த்தார், எதுவும் எடுபடவில்லை. படகுத்துறையில் வெள்ளை அன்னங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாக மிதந்தன. ஒவ்வொன்றுக்கும் நீண்ட கழுத்து, தீட்டிய புருவம், யாரையும் மதிக்காத ஒரு பார்வை.

"ஒரு படகுக்கு ரெண்டு பேர்தான்" என்றார் படகுத்துறைக்காரர்.

"நீங்க ரெண்டு பேரும் முதல்ல போங்க" என்றாள் அக்கா. "இவர்தான் தினமும் போறவராச்சே."

படகுத்துறைக்காரர் கடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "சாரை நான் பார்த்ததே இல்லையே?"

"நான் அந்தப் பக்கத் துறையில ஏறுவேன்."

"அந்தப் பக்கம் துறையே கிடையாதே சார்."

நல்லவேளை, சகலை அப்போது மிதவைச் சட்டையின் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை.

படகு கரையை விட்டதும் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். கொஞ்ச தூரம் போனது. ஆகா, இவ்வளவுதானா என்று கண்ணைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வாத்து குறுக்கே வந்தது. சகலையின் வலது கால் பாய்ந்தது.

அந்தப் படகில் இருவரின் மிதிகளும் ஒரே தண்டில் பூட்டியவை. ஒருவர் காலை விறைத்தால் இன்னொருவர் காலும் நின்றுபோகும். கடைக்காரரின் முழங்கால் முகவாயில் இடித்தது.

"சகலை, மிதிங்க!"

"வாத்து போகட்டும். அதுக்குத்தான் முதல் உரிமை."

வாத்து போனது. மிதித்தார்கள். தூரத்தில் இன்னொரு அன்னம் தெரிந்தது. பிரேக். மிதித்தார்கள். சின்ன அலை வந்தது. பிரேக். இதற்கிடையில் நடுவிலிருந்த திருப்புகோலை இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், படகு அதே இடத்தில் வட்டமடிக்க ஆரம்பித்தது.

"கண்ணாடி பாருங்க! பின்னாடி யார் வர்றாங்க?"

"இதுல ஏது சகலை கண்ணாடி?"

"நீங்க கண்ணாடிக்கடைதானே வச்சிருக்கீங்க, ஒண்ணு மாட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

மனைவியிடம் கேட்ட அதே பேச்சை இவரிடமும் கேட்ட கடைக்காரர் மிதிப்பதையே நிறுத்திவிட்டார். காற்று அதற்காகவே காத்திருந்ததுபோல் அன்னத்தை அலாக்காகத் தள்ளிக்கொண்டு போய், ஏரியின் ஓரத்தில் ஆளுயரம் வளர்ந்திருந்த கோரைப்புல்லுக்குள் சொருகிவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. கையை ஆட்டிக் கூவினார்கள். கரையில் பெஞ்சில் உட்கார்ந்து சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்த சகோதரிகள், அவர்கள் ஆசையாகக் கையாட்டுகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

"சரி, நீங்க குதிச்சு நீந்திப்போய் ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார் சகலை.

"நானா?"

"ஏரியைக் குறுக்க நீந்துறவராச்சே நீங்க. நம்ம அத்தை சொல்லாத நாளே இல்லை. சின்ன மாப்பிள்ளை மீன் மாதிரி, நீங்களும் இருக்கீங்களே, தொப்பையும் நீங்களும்னு."

"நான் குளிக்கும்போது வாளியையே கொஞ்சம் தள்ளித்தான் வச்சுக்குவேன் சகலை."

சகலை அவரையே உற்றுப்பார்த்தார். "அப்ப நான் போன வருஷம் நீச்சல் வகுப்புல சேர்ந்து, குட்டிப்பசங்க நடுவுல டயரைக் கட்டிக்கிட்டு நின்னு, காதுல தண்ணி போய் ஒரு மாசம் எதுவும் கேட்காம அலைஞ்சது எதுக்கு?"

கடைக்காரருக்கு ஏதோ பொறி தட்டியது. "கொஞ்சம் இருங்க. நீங்க விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, வீடு பெருக்கி, காபி போட்டு அக்காவுக்குக் கையில கொண்டுபோய்க் கொடுக்குறீங்களா இல்லையா?"

"நானா? விடியிறதை நான் படத்துலதான் பார்த்திருக்கேன்."

"அடப்பாவி மனுஷா! 'பெரிய மாப்பிள்ளையைப் பாருங்க, தங்கமான மனுஷன்'னு அத்தை சொல்லிச் சொல்லி, நான் கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து காபி போட்டுட்டு இருக்கேன். பெருக்குறேன். ஞாயிற்றுக்கிழமை பாத்திரமும் தேய்க்கிறேன்!"

"பாத்திரமா? அதை நீங்கதான் தினமும் தேய்க்கிறதாச் சொன்னாங்க. நான் தினமும் தேய்ச்சிட்டு இருக்கேன்யா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோரைக்குள்ளிருந்து ஒரு நீர்க்கோழி தலையை நீட்டி இருவரையும் பார்த்தது. முதலில் சகலைக்குத்தான் சிரிப்பு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அன்னம் ஒரு பக்கம் சாய்ந்தது. கடைக்காரர் அலறிக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்த வாக்கில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாண வீடுகளில் விறைப்பாக வணக்கம் வைத்துக்கொண்டதைத் தவிர, அந்த இருவரும் அதுவரை ஒருவரையொருவர் தொட்டதுகூட இல்லை.

கடைசியில் படகுத்துறைக்காரர் மோட்டார் படகில் வந்து, அன்னத்தின் வாலில் கயிறு கட்டி, பின்புறமாகவே இழுத்துக்கொண்டு போனார். கரையெல்லாம் கூட்டம். ஆளாளுக்கு போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

இறங்கியதும் இருவரும் நேரே பெஞ்சுக்குப் போய் நின்றார்கள். சகலைதான் விஷயத்தை எடுத்தார். மாமியார் எப்படி இப்படி ஆளுக்கொன்றாகச் சொல்லி இரண்டு மாப்பிள்ளைகளையும் ஆட்டிவைத்தார் என்று விலாவாரியாகச் சொல்லி முடித்தார்.

அக்கா சோளத்தைத் திருப்பித்திருப்பிப் பார்த்தாள். "அம்மாவை ஏன் குறை சொல்றீங்க? பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்?"

"அப்ப யாரு?"

"அத்தான், சோளம் ஆறிடும்" என்றாள் தங்கை.

"யாருன்னு கேட்டேன்."

"நாங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சும்மா ஒரு பெருமைக்குச் சொல்லிக்கிறது" என்றாள் தங்கை, ஏரியைப் பார்த்துக்கொண்டு. "இவர் நீந்துவார்னு நான் அக்காகிட்டச் சொன்னேன். அவர் காபி போடுவார்னு அக்கா என்கிட்டச் சொன்னா. ரெண்டும் அம்மா காதுக்குப் போயிருக்கும். அவங்க நம்பிட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "ஆனா உங்க காபி இப்ப நல்லாத்தான் இருக்கு. முதல் ரெண்டு வருஷம்தான் கஷ்டப்பட்டேன்."

ஆண்கள் இருவருக்கும் கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. சோளம் வாங்கித் தின்றார்கள்.

மூன்றாம் நாள் சகோதரிகள், "நேத்து நாங்க போகவே இல்லையே" என்று அன்னப்படகில் ஏறினார்கள். ஏறும்போது தொடங்கிய பேச்சை நிறுத்தாமலே மிதித்தார்கள். படகு நூல் பிடித்தாற்போல் நேராகத் தீவுக்குப் போய், அதன் பின்னால் மறைந்தது. சகலைகள் கரையில் தேநீரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சகலையின் கால் அசையவே இல்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. மாமியார். சகலை ஒலிபெருக்கியைப் போட்டு நடுவில் வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஊரெல்லாம் சுத்திப் பார்த்தாச்சா?"

சகலை கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். "அதை ஏன் அத்தை கேக்குறீங்க! சின்ன மாப்பிள்ளை தண்ணிக்குள்ள இறங்கினா, மூச்சே விடாம அடியில போய்த் தரையையே தொட்டுட்டு வர்றார்."

கடைக்காரரும் விட்டுக்கொடுக்கவில்லை. "அத்தை, பெரியவர் மட்டும் சும்மாவா? செங்குத்தான மலை, கயிறுகூட இல்லாம விறுவிறுன்னு ஏறிட்டார். குரங்குங்க ஒதுங்கி வழிவிட்டுச்சு."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமியாரை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் கடைக்காரருக்குத் தேநீர் மூக்கில் ஏறியது.

"அப்படியா!" என்றார் மாமியார், குரல் நெகிழ்ந்து. "கேக்கவே நல்லா இருக்கு மாப்பிள்ளை. இங்க கூரையில ஓடு பத்து இருபது உடைஞ்சு கிடக்கு, மேல ஏற ஆளே கிடைக்கலை. நிலத்தடித் தொட்டியில இடுப்பளவு சேறு, இறங்க எல்லாரும் பயப்படுறாங்க. வெளியாளை எதுக்குத் தேடுறேன், வீட்டுலயே ரெண்டு ரத்தினம் இருக்கும்போது? அடுத்த மாசம் ரெண்டு பேரும் வந்துடுங்க."

போன் அணைந்தது.

அடுத்த மாதம் போனார்கள். பெரியவர் கூரைமேல் ஓடுகளைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். சின்னவர் தொட்டிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாளியை நீட்டினார். வாசலில் மாமியார் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது இருவருக்கும் நன்றாகவே கேட்டது.

"நான் ஒரு வார்த்தை கேக்கலைங்க. அவங்களா போன் பண்ணி, எங்களுக்கு இதெல்லாம் வரும்னு சொல்லி, அடம்பிடிச்சு வந்து செய்யறாங்க. உங்க மாப்பிள்ளை என்ன பண்றார்?"