மச்சான் என்றால் இறங்கும் கை

"எதிரியப் பாத்தா அடிச்சுக் கொல்ற செல்லு உங்க ரத்தத்துலயே இருக்கு பாண்டியன். ஆனா அது கிட்ட வந்ததும் புற்று செல் ஒரு புரதத்த நீட்டி அதத் தொடும். 'நம்மாளு போலருக்கு'ன்னு ஓங்குன கை இறங்கிடும்."

"விடாம அடிச்சா டாக்டரம்மா?"

"அடி விழ விழ அந்தப் புரதத்த இன்னும் ஜாஸ்தியா நீட்டும். நாம போடற ஊசி, அந்தத் தொடுதலத் தடுக்கும். அதுக்கப்பறம் உங்க செல்லு சும்மா இருக்காது. சில சமயம் நல்ல நுரையீரலையும் அடிச்சிடும். மூச்சு வாங்குனா உடனே ஓடி வாங்க."

"கில்லாடிப் பயதான். நம்மளாட்டம்."

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் மதுராவிடம் பாண்டியன் சிரித்துக்கொண்டே அப்படிச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற அவன் மனைவி தமிழினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அண்ணன் சபாபதியின் கோணலான மணிக்கட்டுதான் கண்ணில் நின்றது.

குஞ்சு மீனையும் விடாமல் வாரும் சுருக்குமடி வலையால் வந்த தகராறில், அவள் பிறந்த தெற்குக் குப்பமும் வாழ்க்கைப்பட்ட வடக்குக் குப்பமும் நடுக்கடலில் மோதிக்கொண்ட நாளில் உடைந்த மணிக்கட்டு அது. எந்தச் சண்டையிலும் 'மச்சான்' என்று கூப்பிட்டவனை அடிப்பதில்லை என்பது அந்தக் கரையின் வழக்கம். பாண்டியன் கூப்பிட்டான். சபாபதி ஓங்கிய துடுப்பைத் தாழ்த்தினான். தாழ்ந்த அந்தக் கையைத்தான் பாண்டியன் அடித்து நொறுக்கினான். அன்றிலிருந்து அண்ணன் அவள் வாசலை மிதிக்கவில்லை. வா என்று கூப்பிட அவளுக்கும் வாய் வரவில்லை. அப்படியே வருஷங்கள் போயின.

இன்று காலை மறுபடியும் கரையில் கல் பறந்தது. இரண்டாவது ஊசி போட்டுவந்த உடம்போடு பாண்டியன் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"வாணாம் மாமா, உனுக்கு மூச்சு எரைக்குது."

"சும்மா இரு. சளிதான்."

அவள் பின்னாலேயே ஓடினாள். மணலெல்லாம் ரத்தம். மண்டை பிளந்து ஒருவன் வலைக்குவியல்மேல் கிடந்தான். இரும்புக் குழாய் தோளில் இறங்கி இன்னொருவன் அலறினான். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு சபாபதி வந்தான். இடது கையில் உருட்டுக்கட்டை.

"மச்சான்," என்றான் பாண்டியன், பழக்கத்தில்.

கை இறங்கவில்லை. கட்டைதான் இறங்கியது, விலாவில். அடுத்தது முழங்காலில்.

"இன்னொரு வாட்டி கூப்புட்றா. கேக்கறேன்," என்றான் சபாபதி.

பாண்டியனால் கூப்பிட முடியவில்லை. மணலில் கிடந்து, கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடினான். உதடு நீலம் பூத்திருந்தது. அடிபட்டவனின் மூச்சு அல்ல அது. டாக்டரம்மா சொன்ன மூச்சு. சிதம்பரம் போகும் ரோடு தெற்குக் குப்பத்துக்குள்தான் போகிறது. சபாபதி வண்டியில் ஏற்றினால் ஒழிய, வடக்குக் குப்பத்தான் ஒருவன் இன்று அதைத் தாண்ட முடியாது.

மூன்றாவது அடிக்குக் கட்டை உயர்ந்தது. தமிழினி குறுக்கே பாய்ந்தாள். கட்டை அவள் காதை உரசி மணலில் விழுந்தது. அவள் அண்ணனின் அந்தக் கோணல் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இவரு ஒடச்சாரு. நீயும் ஒடச்சிட்ட. தீந்துச்சுண்ணே," என்றாள். "இனிமேலாவது எங்க வூட்டுக்கு வா. மச்சானா இவரத் தூக்கி வண்டியில ஏத்து."