குகையைத் தூக்கியவர்கள்

எங்கள் வளர்ப்புப் பிராணிக் கடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வேலை உண்டு. பல்லித் தொட்டிகள் பன்னிரண்டிலும் இருக்கும் குகைகளை எடுத்துக் கழுவி மாடிப்படிக்குக் கீழே அடுக்க வேண்டும். குகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி பிளாஸ்டிக், ஒரு பக்கம் வாசல். பல்லி பகலெல்லாம் அதற்குள்தான் கிடக்கும். சனி, ஞாயிறு கூட்டம் வரும்போது தொட்டி காலியாகத் தெரிந்தால் எவன் வாங்குவான் என்பது முதலாளியின் கேள்வி. ஞாயிறு கடை அடைக்கும்போது திரும்ப வைத்துவிடுவோம். வைத்துவிடுவோம் என்ன, நான்தான் வைப்பேன். எடுப்பதும் நான்தான்.

நான் விலங்கியல் படித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். முதலாளி என்னை "ஜுவாலஜி" என்றுதான் கூப்பிடுவார். "ஜுவாலஜி, முயல் கூண்டு நாறுது பாரு." படிப்புக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாவது வாரம் நினைக்கவில்லை.

அந்தப் பல்லி திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை. சுவரில் ஓடுகிற ரகம் இல்லை, தரையில் நடக்கிற ரகம். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், சிறுத்தைப் பல்லி என்று பெயர். பெண். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் அறைக்கென்று வாங்கிப்போயிருந்தார். அதை ஒரு அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"எப்பப் பார்த்தாலும் ஒளிஞ்சுக்குது. வர்றவங்க காலித் தொட்டியப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. குகைய எடுத்துப் பார்த்தேன், தண்ணிக் கிண்ணத்துக்குப் பின்னாடி போய் ஒட்டிக்குது. இப்ப சாப்பிடறதும் நின்னுபோச்சு. டிஃபெக்ட் பீஸ் குடுத்துட்டீங்க."

"உங்ககிட்ட பல்லு பிடுங்க வர்றவங்களும் இடம் கிடைச்சா ஒளியத்தான் செய்வாங்க, சார்," என்றேன்.

முதலாளி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். டாக்டருக்குப் பல்லிக்குப் பதிலாக நாலு மீன் கொடுத்தனுப்பினார். மீனுக்கு ஒளிய சாமர்த்தியம் போதாது என்று அவரிடம் உறுதியும் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். இந்த ரகத்துக்கு வால்தான் சாப்பாட்டு மூட்டை. கொழுப்பையெல்லாம் அங்கேதான் சேர்த்துவைக்கும். நன்றாக இருக்கிற பல்லிக்கு வால் கட்டைவிரல் பருமன் இருக்கும். இதற்குப் பென்சில் போல இருந்தது.

"சனிக்கிழமை பாம்புக்காரர் வருவார், குடுத்துடு," என்றார் முதலாளி. பாம்புக்காரர் என்றால் மகுடி ஊதுகிறவர் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் பாம்பு வளர்க்கிறவர். எங்களிடம் தேறாத எலி, குஞ்சு எல்லாம் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

"சார், இதுக்கு நோய் இல்ல. பயம். மறைய இடம் குடுத்து சும்மா விட்டா தானா சாப்பிடும்."

"எத்தன நாளாகும்?"

"ரெண்டு வாரம்."

"இந்த சனிக்கிழமை வேணாம், அடுத்த சனிக்கிழமை. அதுக்குள்ள சாப்பிட்டா நீயே வச்சுக்கோ. இல்லன்னா பாம்புக்கு. நான் ஆஸ்பத்திரி நடத்தல."

பல் டாக்டர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் வாங்குவதற்கு முன்னால் ஏழு வெள்ளிக்கிழமை இதே பல்லியின் குகையை எடுத்தது என் கை. அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீடு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு குளியலறை. ஆள் நாலு. கதவு என்று சாத்திக்கொள்ள இருப்பது குளியலறைக் கதவு மட்டும்தான். மூன்று வருடம் நான் பரீட்சைக்குப் படித்தது அங்கே, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து. அண்ணன் கதவைத் தட்டுவான். "டிகிரி முடிஞ்சுதா? நான் குளிக்கணும்." ஒளிய இடமில்லாமல் இருந்தால் வயிற்றில் சோறு எப்படி இறங்கும் என்பதைப் பற்றி எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தேன். ஒரு மூலையில் அடியில் சூட்டு விரிப்பு, அதன்மேல் ஒரு குகை. குளிர்ச்சியான பக்கம் ஒரு குகை. நடுவில் ஈரப் பஞ்சு போட்டு ஒன்று, தோல் உரிக்கும்போது வேண்டும். மூன்றும் ஐஸ்கிரீம் டப்பாவில் வாசல் வெட்டிச் செய்தவை. ஏறி வர முடியாத கண்ணாடிக் கிண்ணத்தில் அஞ்சு மாவுப்புழு. எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "யாரும் தொடக் கூடாது. யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது. ஒளியறதுதான் அதோட ஆரோக்கியம்."

"எல்லாரும் நாய் வளர்ப்பாங்க, பூனை வளர்ப்பாங்க," என்றாள் அம்மா. "நீ பட்டம் வாங்கிப் பல்லி கொண்டாந்திருக்க. சுவத்துல இருக்கறது பத்தாதா?"

அண்ணன் குனிந்து பார்த்தான். அவனுக்கு வண்டி ரிப்பேர் கடையில் வேலை. "ஆளே இல்லையே. சீட்ல இல்லாத மேனேஜர் மாதிரி இருக்கு." அன்றிலிருந்து அதன் பெயர் மேனேஜர். யாராவது கேட்டால் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்பான்.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார். அவருக்கு ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ராத்திரிக் காவல். காலையில் வந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சாயங்காலம் வரை தூங்குவார்.

நான் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். வியாழன், அஞ்சு புழு வைத்தேன், அஞ்சும் இருக்கிறது. வெள்ளி, அஞ்சு. சனி, அஞ்சு. அது சூட்டுப் பக்கத்துக் குகையில் இருந்தால் நல்லது, சாப்பிட்டதைச் செரிக்கச் சூடு வேண்டும். ஆனால் அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் குளிர் மூலை, ஒருநாள் ஈரக் குகை, ஒருநாள் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில். ஒளிவதில் இரண்டு வகை உண்டு. நிம்மதியாக ஒளிவது ஒன்று. விரட்டினவனிடமிருந்து ஒளிவது ஒன்று. இது இரண்டாவது. யார் விரட்டுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. ஞாயிறன்று வாலைப் பார்த்தேன், இன்னும் மெலிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை சூட்டுக் குகையின் வாசல் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. நான் வைத்தது கண்ணாடிப் பக்கம்.

"யாரு தூக்கினது?"

அண்ணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் என்று முடிவுகட்டி வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் துப்பிவிட்டு வந்தான்.

"நான் தூக்கவே இல்ல. கண்ணாடியத் தட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். சத்தம் குடுத்தாத்தான உள்ள என்ன கோளாறுன்னு தெரியும்."

"தினமுமா?"

"வேலைக்குப் போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு."

அம்மா சோற்றை வடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "நான் மத்தியானம் ஒரு தடவ தூக்குவேன்," என்றாள். "உயிரோட இருக்கான்னு பார்க்க வேணாமா? கீழ விரிச்ச பேப்பரும் அழுக்காயிடுதே, மாத்திடுவேன்." அம்மாவுக்கு ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை. அழுக்குத் துணி, அழுக்குக் காகிதம், எதையும் ஒரு நாளுக்குமேல் கண்ணில் பார்க்க முடியாது. அந்தக் காகிதத்தில்தான் தன் வாசனையைப் பூசி இது என் இடம் என்று அந்தப் பல்லி தெரிந்துகொள்ளும். தினமும் அதைப் புது வீட்டுக்குக் குடிமாற்றியிருக்கிறாள்.

அப்பா அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் டார்ச்.

"அப்பா, நீங்களுமா?"

"வீட்டுக்குள்ள வந்ததும் ஒரு ரவுண்டு பார்ப்பேன்மா. கை தானா போகுது. உள்ள அடிச்சா கண்ணு மினுங்கும். ஆள் இருக்குன்னு திருப்தியாப் படுத்துப்பேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படிக்காத கூட்டத்திடம் ஒரு உயிரைக் கொண்டுவந்து விட்டேனே என்று சொன்னேன். அப்படியே, அதே வார்த்தைகளில்தான் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா டார்ச்சை ஆணியில் மாட்டினார்.

அண்ணன் பீரோமேல் இருந்த நோட்டை எடுத்துப் புரட்டினான். நிறுத்தி நிதானமாகப் படித்தான், பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற மாதிரி.

"வெள்ளி. காலை ஆறரை, குகையைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே இருக்கிறது. இரவு எட்டு, தூக்கிப் பார்த்தேன், சாப்பிடவில்லை. சனி. காலை ஆறரை, தூக்கிப் பார்த்தேன். எட்டு, தூக்கிப் பார்த்தேன். இரவு ஏழு, தூக்கி எடை போட்டேன். ஞாயிறு..." நோட்டை மூடினான். "அம்மா ஒரு தடவ. அப்பா தூக்கவே இல்ல, லைட்டுதான். நீ எத்தனன்னு எண்ணிக்கோ. படிச்சவளாச்சே."

நோட்டைப் பிடுங்கி எண்ணினேன். புதன் சாயங்காலத்திலிருந்து பதினாறு தடவை. நான் தூக்குவதை ஆராய்ச்சி என்று நினைத்திருந்தேன். பல்லிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதற்குக் கூரை பறந்தது, அவ்வளவுதான்.

"படிக்காத கூட்டம்னு சொன்னது தப்பு," என்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அவ்வளவுதான் வந்தது.

"சாப்பிட வா," என்றாள் அம்மா.

அன்றைக்கே அப்பாவின் பழைய யூனிஃபார்ம் சட்டையைத் தொட்டிமேல் போட்டு நாலு பக்கமும் மூடினேன். புழுக் கிண்ணம் இருக்கிற மூலையில் மட்டும் சட்டையின் கை தொங்கியது. அதைக் காலையில் ஒரே ஒரு தடவை விலக்கலாம். அதுவும் நான் இல்லை, அப்பா. வீட்டில் பார்க்காமல் இருக்கப் பழகியவர் யாருமில்லை, ஆனால் ஒழுங்காகக் காவல் காக்கத் தெரிந்தவர் அவர்தான். எடை கிடையாது. தட்டுவது கிடையாது. காகிதம் நாறினாலும் நாறட்டும்.

எங்கள் வீட்டில் அந்த நாலு நாள் யாருக்கும் கை ஓடவில்லை. அம்மா பீரோவைத் திறக்க வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பாள். நான் நோட்டைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா சட்டையின் கையை விலக்கிப் பார்த்து "அஞ்சு" என்றார். புதன், அஞ்சு. வியாழன் காலை கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார். "மூணுதான் இருக்கு. சரியா எண்ணிட்டேன்." குறைந்ததைப் போட்டுத் திரும்ப அஞ்சாக்கினார். வெள்ளிக்கிழமை ஒன்றுகூட இல்லை, மறுபடி அஞ்சு வைத்தார்.

அன்று சாயங்காலம் கடையில் முதலாளியிடம் சொன்னேன், இனிமேல் குகைகளை எடுக்க மாட்டேன் என்று.

"வேலைய விடறியா?"

"வேலைய விடல. குகைய எடுக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், பிறகு தானே எடுத்தார். பன்னிரண்டையும். நான் தடுக்கவில்லை. தடுக்க முடியும் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

"உன் பல்லி என்னாச்சு?"

"ஏழு புழு தின்னிருக்கு."

"நீ பார்த்தியா?"

"இல்ல."

"புழு ஓடிப்போயிருக்கும். நாளைக்குக் கொண்டா, கண்ணால பார்க்கணும்."

கொண்டுபோவது என்றால் குகையைத் தூக்க வேண்டும், அட்டைப் பெட்டியில் போட வேண்டும், வண்டியில் குலுக்க வேண்டும். ஏழு புழுவும் அதோடு சரி. மறுபடி சாப்பிடும்வரை தாங்க அந்த வாலில் கொழுப்பு மிச்சமில்லை.

சனிக்கிழமை காலை அப்பா சட்டையின் கையை விலக்கினார். "புழு ரெண்டு இருக்கு," என்றார். பிறகு, "அந்தக் கோடி மூலைல என்னமோ கிடக்கும்மா. கறுப்பா, நுனி மட்டும் வெள்ளையா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அண்ணன் படுக்கையிலிருந்தே தலையைத் தூக்கினான். நாங்கள் நாலு பேரும் ஒரு பல்லியின் கழிவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா துடைக்கத் துணி எடுக்கவில்லை. நான் இடுக்கியை விட்டு அதை எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

கடைக்குப் போனபோது பாம்புக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய கூடை வாயைத் திறந்துகொண்டு தரையில் இருந்தது. முதலாளி என் கையைப் பார்த்தார்.

"பல்லி எங்க?"

டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தேன்.

"இதக் காட்டத்தான் மூணு வருஷம் படிச்சியா?"

"இதுக்கும்தான் சார்."

முதலாளி மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார். பாம்புக்காரர்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, டப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கிளறினார். அவருக்கு இது தினசரி வேலை.

"புழுத்தோல் இருக்கு," என்றார். "மஞ்சளா, மொறுமொறுன்னு. நல்லாச் செரிச்சிருக்கு. ஒரு வாரத்துக்குள்ள தின்னது." குச்சியைக் குப்பைத்தொட்டியில் போட்டார். "எனக்கு எலி இருந்தாப் போதும்ப்பா. அத விட்டுடு."

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரி, வச்சுக்கோ. ஆனா வீட்டுக்குப் போனதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எப்படி இருக்குன்னு பார்க்கலாம்."

"முடியாது சார். அதுக்குத் தூக்கணும்."

பாம்புக்காரருக்கு எலி எடுத்துக் கொடுக்கப் போனேன்.