அசமதாகப் பொட்டலம்

புரட்டாசி பிறந்தும் மழை பிறக்கவில்லை. வானம் சூலுற்ற மேகங்களைச் சுமந்து அசையாது நின்றது. நாரணாபுரத்துக் கரிசல் நோன்பிருப்பவள்போல் நா வறண்டு காத்துக் கிடந்தது. தீபாவளிச் சீசனின் கந்தகம் காற்றோடு காற்றாகக் கலந்திருந்தது.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலிக்கும் பொன்மணியின் ஏழுமாத மகள் செல்வலட்சுமி, காலை முதல் வயிறு உப்பி, முழங்காலை மடக்கி அழுதாள்.

கணவன் காளிராஜ் விருதுநகர் நாட்டுமருந்துக் கடையில் இரண்டு பொட்டலங்கள் வாங்கி வைத்துவிட்டு லோடு ஏற்றிப் போயிருந்தான். ஒன்று அசமதாகம்; மல்லி, சீரகம், ஓமம் போலக் குடைவிரித்துப் பூக்கும் செடியின் விதை, வாயு கலைப்பது. மற்றது அவன் அக்கா மாரித்தாயின் பல்வலிக்குப் புகை போட வாங்கிய குரோசாணி ஓமம். பெயரில்தான் ஓமம்; உள்ளே போனால் நஞ்சு. இரண்டும் பொடிவிதைகள். பொட்டலத்தில் பெயரில்லை.

மாரித்தாய் ஒன்றைப் பிரித்துக் கொதிக்கவைத்துத் தம்ளரில் ஊற்றினாள். "புகட்டுடி, பிள்ளை துடிக்கால்ல?"

பொன்மணி சங்கை எடுத்தாள்; கை நின்றது. அசமதாகம் கொதித்தால் ஓமவாசத்தில் தெருவே மணக்குமே.

"மதினி, மணமே இல்லையே."

"நமக்கு எங்கன மணக்கும்? கருவாட்ட நீட்டுனாலும் மல்லிப்பூம்போம். சீசன் வந்தா கந்தகத்துல மூக்கு லீவுல போயிருதுல்ல."

சொன்னவளே சிரிக்கவில்லை. மூக்கு செத்ததா, விதை மாறியதா? மகள் வீறிட்டாள். பொன்மணி தம்ளரையும் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு நர்ஸ் பாக்கியவதியிடம் ஓடினாள். மாரித்தாய் குழந்தையோடு பின்னால் வந்தாள்.

"நீங்க மோந்து பாருங்கக்கா. எங்களுக்கு மூக்கில்ல."

பாக்கியவதி தம்ளரை முகர்ந்தாள், முகம் வெளுத்தது. "ஓமவாசம் துளிகூட இல்லையே! குடுத்துட்டீகளா?"

"உதட்டுலகூடப் படலக்கா."

"தப்பிச்சா. பச்சப்பிள்ளைக்குக் கசாயமே வேண்டாம்." அடுத்த பொட்டலத்தை முகர்ந்தாள். "இந்தா, இதுதான் மணக்கு."

குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள், இளகித்தான் இருந்தது. அசமதாகத்தை வறுத்துத் துணியில் முடிந்து, தன் கன்னத்தில் சூடு பார்த்துத் தொப்புளைச் சுற்றி ஒத்தடமிட்டாள். "அரைமணிக்குள்ள அடங்கலன்னா ஆசுபத்திரிக்குக் கிளம்பிருவோம்."

கால்மணி கடந்தது. முழங்கால்கள் மெல்ல நீண்டன, வாயு பிரிந்தது, அழுகை விம்மலாகி ஓய்ந்தது.

வீடு திரும்பிய பொன்மணி நஞ்சைக் குழிதோண்டிப் புதைத்தாள். கை கழுவி, மாரியம்மன் படத்தின்முன் விளக்கேற்றி, ஒரு சிட்டிகை அசமதாகம் வைத்துக் கைகூப்பினாள்.

மாரித்தாய் குழந்தையின் நெற்றியில் திருநீறு இட்டாள்.

"நூறு வருசம் இரு தாயி. ஊரே மணக்க இரு."