ஓடைக்கரை ஸ்டாப்பு

பருப்புப்பொடி டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. ஜோதி அதை அழுத்திக்கொண்டே இருந்தாள். கலைச்செல்வன் கையை நீட்டினான்.

"குடு, நான் மூடித் தரேன்."

"நீங்க தொட வேணாம்."

புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகி, டப்பாவைப் பையில் வைத்தாள். அவளுடைய அண்ணன் பூமாலை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தான். கமுதி டிப்போவுக்கு மாறுதல். அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.

"உள்ள வா மச்சான். ஒரு வாய் சாப்புட்டுப் போவலாம்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மாப்ள."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடக் கலைச்செல்வன் தாங்கியிருப்பான். பூமாலை எப்போதும் பேசுகிற மாதிரியே சொன்னான். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தங்கையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினான். அவன் முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு ஜோதி உள்ளே வந்தாள். புருஷனுக்குத் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கலைச்செல்வன் ஓட்டிய பெரம்பலூர்-அரியலூர் வண்டியில் பல வருஷமாகக் கண்டக்டராக இருந்தவன் பூமாலை. இப்போது அந்த வண்டிக்குக் கண்டக்டரே கிடையாது. பஸ் ஸ்டாண்டிலேயே டிக்கெட் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். கதவைச் சாத்தினால் அரியலூரில்தான் திறக்க வேண்டும். வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது.

இந்த உத்தரவு வந்தபோது டிப்போ வாசலில் யூனியன் கூட்டம் போட்டது. கண்டக்டர் இல்லாத வண்டியை எந்த டிரைவரும் எடுக்கக் கூடாது என்று செயலாளர் ராஜராஜன் சொன்னார். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். கலைச்செல்வனும் தூக்கினான்.

மறுநாள் மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"போன ஸ்டிரைக்குக்கு அப்பறம் எங்க இருந்தீங்க? கமுதிதானே? மறுபடியும் போகணுமா?"

கமுதியில் இருந்தபோதுதான் அவன் அப்பா செத்துப்போனார். பஸ் மாறி பஸ் மாறி சொந்த ஊரான அரும்பாவூர் வந்து சேர்ந்தபோது, அடக்கம் செய்துவிட்டுக் குளித்த ஈரத்தோடு எதிரே வந்தார்கள் சொந்தக்காரர்கள். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கலைச்செல்வன் பேசாமல் இருந்தான். அந்தப் பேசாமையே மேனேஜருக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் அவன் வண்டியைக் கிளப்பினான். கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ துப்பினார்கள். பூமாலைதான் முன்னால் வந்து, இரண்டு கையாலும் கூட்டத்தை ஒதுக்கிவிட்டான்.

"வழி விடுங்கப்பா. வண்டி போவட்டும்."

ஒரு வண்டி போனதும் கட்டுப்பாடு உடைந்தது. அடுத்தடுத்து எல்லா டிரைவர்களும் எடுத்தார்கள். கண்டக்டர்கள் 'உபரி' ஆனார்கள். உபரியில் முதல் ஆளாகப் பூமாலைக்குக் கமுதி வந்தது.

பெரம்பலூரிலிருந்து போகிற வழியில் மக்காச்சோளக் காட்டை ஒட்டி ஓடைக்கரை காலனி இருக்கிறது. அங்கே பஸ் நிற்கும் என்று எந்தப் போர்டிலும் எழுதியிருக்காது. மேலத்தெருவுக்குத்தான் நிழற்குடையும் போர்டும். காலனிக்காரர்கள் வெயிலில் நின்று கையை நீட்டுவார்கள். பழைய டிரைவர்கள் பார்க்காத மாதிரி போய்விடுவார்கள். பூமாலை வந்த பிறகுதான் அந்த இடத்தில் தினமும் விசில் ஊதினான். "நம்மள கண்ட எடத்துல நிறுத்தி லேட் பண்றானே" என்று மேலத்தெருக்காரர்கள் முனகினார்கள். அவன் ஊதுவதை நிறுத்தவில்லை. கலைச்செல்வனும் விசில் கேட்டதும் பிரேக்கில் கால் வைத்துப் பழகிவிட்டான்.

இப்போது விசில் இல்லை. முதல் நாள் அந்த இடம் வந்தபோது கால் தன்னாலேயே பிரேக்குக்குப் போனது. எடுத்துக்கொண்டான். கையை நீட்டியவர்களில் பொன்னாயியும் இருந்தாள். அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவள். டிரைவரை அடையாளம் தெரிந்ததால் சிரித்துக்கொண்டே நீட்டினாள். அந்தச் சிரிப்பு மாறுவதற்குள் வண்டி அவளைத் தாண்டிப் போய்விட்டது.

அவனும் ஒரு காலனியில் பிறந்தவன்தான். சின்ன வயதில் அரும்பாவூரில் இப்படி நிற்காமல் போன பஸ்ஸைக் கல்லால் அடித்துவிட்டு அப்பாவிடம் உதை வாங்கியவன். தினமும் ஓடைக்கரை நெருங்கும்போது எதிரே வரும் சிமெண்ட் லாரிகளையே உற்றுப் பார்த்தபடி ஓட்டக் கற்றுக்கொண்டான்.

பூமாலை கமுதிக்குப் போன மறுவாரம் அது நடந்தது. பொன்னாயி ஸ்டாப்பில் நிற்கவில்லை. ரோட்டோரமாக அரியலூர் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். பஸ் சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை, கையும் நீட்டவில்லை. அதைத்தான் கலைச்செல்வனால் தாங்க முடியாமல் போனது. வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்தான்.

"ஏறுங்க."

உள்ளே சலசலப்பு எழுந்தது. முன் சீட்டுப் பெரியவர், "நடுவுல நிறுத்தாத வண்டின்னுதானப்பா ஏறுனோம்? இவங்களுக்கெல்லாம் நிறுத்துனா எப்ப போய்ச் சேர்றது?" என்றார். கலைச்செல்வன் கதவைத் திறந்தபடியே வைத்திருந்தான்.

பொன்னாயி ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "டிக்கெட்டு சார்?"

"குடுக்க ஆளில்லம்மா. உக்காருங்க."

வண்டியைக் கிளப்பியபடி, "வேலைக்குத்தான் போறீங்களா?" என்று கலைச்செல்வன் கேட்டான், கண்ணாடியைப் பார்க்காமல்.

"வேலை எங்க சார்? நெதம் லேட்டா போனேன், நிறுத்திட்டாங்க. சூப்பர்வைசர் கால்ல விழுந்து பாக்கலாம்னு போறேன்."

சிறிது தூரம்தான் போயிருப்பார்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர் கை காட்டி ஏறினார். டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் பொன்னாயியிடம் நின்றார். அவள் எழுந்துகொண்டாள்.

"நான் எறங்கிக்கிறேன் சார்."

"உக்காருங்க" என்றான் கலைச்செல்வன்.

இன்ஸ்பெக்டர் அவன் பக்கத்தில் வந்து குனிந்தார். கெட்ட மனுஷர் இல்லை.

"கலை, இது சஸ்பெண்டுல போய் முடியும். ரோட்டுல மாடு நின்னுச்சு, ஸ்லோ பண்ணேன், இந்தம்மா கேக்காம தொத்திக்கிட்டாங்கன்னு சொல்லு. அவங்களுக்கு ஃபைன் போட்டு எறக்கி வுட்டுர்றேன். முடிஞ்சுது."

முன் சீட்டுப் பெரியவர் தானாகவே, "ஆமா சார், அதுதான் தொத்திக்கிச்சு" என்றார்.

கலைச்செல்வன் இன்ஜினை அணைத்தான்.

"நான்தான் சார் நிறுத்துனேன். நான்தான் கதவத் தெறந்தேன். அவங்க டிக்கெட்டு கேட்டாங்க. குடுக்கறதுக்கு நீங்க ஆளு வக்கல."

சஸ்பெண்டு ஆனது. மறுநாளே டிப்போ வாசலில் யூனியன் மறுபடி பந்தல் போட்டது. டிக்கெட் கொடுக்க ஆள் வைக்காமல், டிக்கெட் இல்லை என்று டிரைவரைத் தண்டிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ராஜராஜன் அவனுக்கு மாலை போட்டு, "ஆள்குறைப்பை நெஞ்சை நிமிர்த்தி எதிர்த்த தோழர்" என்று மைக்கில் சொன்னார். அன்றைக்குத் துப்பியவர்களும் கை தட்டினார்கள். மாலையின் ஈரம் கழுத்தில் ஊர, கலைச்செல்வன் தலை குனிந்து நின்றான். கமுதியில் பூமாலை எங்கே படுத்திருப்பான் என்று நினைத்தான். மைக் கைக்கு வந்தது.

"மொதல்ல வண்டிய எடுத்தது நான்தான். மாலை எனக்கில்ல" என்றான். "கோரிக்கையில ஓடைக்கரை காலனி ஸ்டாப்பயும் சேக்கணும் தோழர்."

கைதட்டல் நின்றது. ராஜராஜன் மைக்கைக் கையால் பொத்தினார்.

"தோழர், நம்ம ஆளுங்கள்ல பாதிப்பேரு மேலத்தெருக்காரங்க மாதிரி ஊர்க்காரங்கதான். அந்தப் பேரச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க. இப்ப ஆள்குறைப்பு மட்டும். அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

"ஆளக் கொறைச்சதுல போனது அந்தம்மா வேலயுந்தானே?"

ராஜராஜன் வேறு பக்கம் பார்த்தார். கலைச்செல்வன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினான்.

அடுத்த நாள் காலையில் காக்கிச் சட்டையைப் போட்டான். ஜோதி பார்த்தாள்.

"சஸ்பெண்டுல எங்க கெளம்பிட்டீங்க?"

"ஓடைக்கரைக்கு."

ஜோதி தண்ணீர் பாட்டிலை நிரப்பி அவன் கையில் கொடுத்தாள்.

பொன்னாயியும் இன்னும் சிலரும் ஸ்டாப்பில் நின்றிருந்தார்கள். அவர்களோடு போய் நின்றான். அவனுடைய பழைய வண்டி தூரத்தில் தெரிந்தது. ஓட்டிவந்தவன் காண்டிராக்ட் டிரைவர் சரத்குமார். இவனிடம் வளைவு எடுக்கக் கற்றுக்கொண்ட பையன். கலைச்செல்வன் கையை நீட்டினான். சரத்குமார் அவனைப் பார்த்தான். பார்த்துவிட்டு, எதிரே வந்த சிமெண்ட் லாரியை உற்றுப் பார்த்தபடி போய்விட்டான். புழுதி முகத்தில் அடித்தது.

பொன்னாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் வருவீங்களா சார்?"

"வருவேன்" என்றான் கலைச்செல்வன்.