இன்னொரு பொட்டலம்

“பதினேழு பதிமூணு எவ்வளவுடி, சொல்லு?”

கூடத்தில் குவிந்திருந்த மாங்காய்களுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாள் சம்பங்கி. தம்பி வீட்டுக்கு மத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கியவள், காப்பித் தம்ளரைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. வினிதா விரல்களை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள்.

“இருநூத்தி இருபத்தொண்ணு.”

சம்பங்கி தம்பியைப் பார்த்தாள். விடை அவளுக்கும் தெரியாது. முனிராஜ் கம்பெனிச் சீருடைப் பையிலிருந்து போனை எடுத்துத் தட்டிப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினான்.

“சரியா இருந்தா ஆச்சா? கம்ப்யூட்டர் படிக்கப் போற புள்ள விரல் மடக்குது பாரு.”

“மனசுலயே போட்டுட்டா கம்ப்யூட்டர் எதுக்கு அத்தை?”

அடுப்படி வாசலில் நின்ற ராஜாத்தி, மகள் சொன்னதற்குச் சிரித்துவிடாமலிருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிளஸ் டூவில் வினிதாவுக்குக் கணக்கில் அறுபத்து மூன்று. கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர அது போதும். விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி. சேர்ந்தபிறகு போதுமா என்பதில் அவளுக்கே பயம். முதல் வருஷம் கணக்கில் திணறுவேன் என்று அப்பாவிடம் அவளே ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனாலும் அதைத்தான் படிக்கணும் என்றாள். ராஜாத்திக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகளைப் பற்றி ஒன்று தெரியும். விடை தப்பானால் இவள் தாளைக் கிழிப்பதில்லை. கடைசி வரியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறி, பிசகிய இடத்தைப் பிடித்த பிறகுதான் சாப்பிட வருவாள்.

சம்பங்கியின் மகன் மோகன்குமார் கணக்கில் ஐம்பத்தொன்று வாங்கி, ஓசூரில் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் படிக்கிறான். எட்டுப் பாடம் அரியர். ஆம்பளப் பையன், போகப் போகப் புடிச்சுக்குவான் என்று சேர்த்தார்கள். பதினேழு பதிமூணு யாரும் கேட்கவில்லை. வினிதா அவனுக்குத்தான் என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே சம்பங்கி எடுத்த முடிவு. பெண்டாட்டி புருஷனைவிடத் தெரிந்தவளாகிவிட்டால் குடும்பம் நிற்காது என்பது அவள் கவலை. எட்டு அரியருக்கும் கீழே ஒரு பெண்ணை நிறுத்துவது சுலபமான வேலையில்லை. அதனால் தபாலில் ஒரு பி.ஏ. போதும் என்றாள்.

முனிராஜ் அக்காவைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், கடைசியில் மாங்காயைப் பார்த்தான்.

“அம்மன்கிட்டயே கேட்டுரலாம் வுடு தம்பி,” என்றாள் சம்பங்கி.

பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. சிறுபிள்ளை எடுக்கும் பொட்டலத்தில் செவ்வரளி இருந்தால் கம்ப்யூட்டர், வெள்ளரளி இருந்தால் தபால். மூத்தவள் என்பதால் காலண்டர் தாள் இரண்டைக் கிழித்துச் சம்பங்கியே உள்ளறையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டு வந்தாள்.

போச்சம்பள்ளி போகும் கம்பெனி பஸ்கள் ஒரு ஹாரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போகிற ரோட்டோரக் கோயில் அது. பொட்டலத் தட்டை ராஜாத்தியிடம் கொடுத்துவிட்டுச் சம்பங்கி பதினொரு சுற்று சுற்றப் போனாள். சூப்பர்வைசர் போனில் கூப்பிட, முனிராஜ் வெளியே போனான். வினிதா கற்பூரம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

ராஜாத்தி பொட்டலங்களைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் இப்படி ஒரு தட்டு வைத்தார்கள். பத்தாவதில் கணக்கில் எண்பத்தேழு. பதினொன்றாவது சேரலாமா என்று கேட்டதற்கு வெள்ளை வந்தது. அம்மனே சொன்னபிறகு அழுவது குற்றம் என்று அழாமல் இருந்தாள்.

சிவப்பு எதுவென்று பார்த்து முன்னால் தள்ளி வைக்கலாம் என்கிற சின்னத் திருட்டுத்தனம்தான் அவளுக்குத் தோன்றியது. ஒன்றைப் பிரித்தாள். வெள்ளை. மற்றதைப் பிரித்தாள். அதுவும் வெள்ளை.

வரவேண்டியது கோபம், வந்தது சிரிப்பு. பக்கத்திலிருந்த செவ்வரளிச் செடியில் ஒரு பூவைப் பறித்து ஒரு பொட்டலத்தை மாற்றினாள். நியாயம் இவ்வளவுதான், இனி அம்மன் பாடு என்று மடித்தபோது, மோகன்குமாரின் ஐம்பத்தொன்று ஞாபகம் வந்தது. அவனுக்காக எந்த அம்மனிடம் யார் போய்க் கேட்டார்கள்? இன்னொரு பூவையும் பறித்தாள்.

பூசாரியின் பேத்தி, மிக்சர் தின்ற கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

“அது எப்படி…” என்றாள் சம்பங்கி.

“எது எப்படிக்கா?” என்றான் முனிராஜ்.

அதைச் சொல்ல முடியாது. சம்பங்கி பூவைப் பார்த்தாள், அம்மனைப் பார்த்தாள். அங்கே நின்றவர்களில் இதை அற்புதம் என்று அறிந்தவள் அவள் ஒருத்திதான். தொப்பென்று விழுந்தாள். “தப்புதான் தாயே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்ன தப்பு என்று பூசாரி கேட்டதற்கு, “பொதுவா” என்றாள்.

அன்றே மோகன்குமாருக்குப் போன் போட்டு அரியரை முடிக்கச் சொல்லித் திட்டினாள். பொம்பளப் புள்ளைங்க கம்ப்யூட்டர் படிப்பது அம்மனுக்கு இஷ்டம் என்று மத்தூர் முழுக்கச் சொன்னாள். அந்த வாரமே அங்கே இரண்டு பெண்களுக்குப் பூ போட்டார்கள். பையன்கள் வழக்கம்போலப் பூவில்லாமலே சேர்ந்தார்கள்.

கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, சாமிப் படத்தடியில் தட்டிலேயே கிடந்த மற்றப் பொட்டலத்தை வினிதா பிரித்தாள். பூ காய்ந்திருந்தது, சிவப்பு மாறவில்லை. மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்து விரலை மடக்கினாள்.

“ரெண்டும் சிவப்பு. அத்தை இப்படிக் கட்டியிருக்க மாட்டாங்க. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளைன்னு கட்டியிருந்தாலும், சிவப்பு வந்ததுக்கு அப்படி வுழுந்திருக்க மாட்டாங்க.” மூன்றாவது விரலில் நின்றாள். “அப்ப அவங்க கட்டுனது ரெண்டும் வெள்ளையாம்மா?”

ராஜாத்தி கத்தியை நிறுத்தவில்லை.

“உனக்கு எப்படிம்மா பிரிச்சுப் பாக்கத் தோணுச்சு?”

“எனக்குப் போட்டப்ப வெள்ளை வந்ததும் எல்லாரும் எழுந்து வூட்டுக்கு வந்துட்டோம்,” என்றாள் ராஜாத்தி. “இன்னொண்ணை யாரும் பிரிக்கல.”