கடைசிச் சீட்டு

இன்றைக்குக் கையில் இருக்கும் ரூபாயும் அடுத்த வருஷம் கைக்கு வரப்போகும் ரூபாயும் ஒன்றல்ல என்று விஜேந்திரன் சேர் சொன்ன நாளிலிருந்து சுபாஜினிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதுளையில் அவள் படித்த கல்லூரியில், வணிகக் கணிதப் பாடத்தில் அது ஒரு சாதாரண வாக்கியம். மற்றப் பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதி, அடிக்கோடு போட்டு, மணி அடித்ததும் கென்டீனுக்கு ரோல்ஸ் தின்னப் போய்விட்டார்கள். இவள் மட்டும் அந்த வாக்கியத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தாள்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் வட்டிதான். போன் கடையில் "முற்பணம் வேண்டாம், மாதத் தவணை மட்டும்" என்று அட்டை தொங்கினால் கால் நின்றுவிடும். விலையையும் தவணையையும் கல்குலேட்டரில் தட்டி, உண்மையான வீதத்தைக் கண்டுபிடித்து, கடையில் நிற்கிறவனோடு சண்டைக்குப் போவாள். அவன் என்ன செய்வான் பாவம், மாதச் சம்பளத்துக்கு நிற்கிறவன். "ஒனக்கு முத்திப் போச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் நஸ்மியா. வகுப்பில் பக்கத்துக் கதிரைக்காரி. பஸாரில் பையும் பெட்டியும் விற்கும் இத்ரூஸ் முதலாளியின் மகள்.

இவ்வளவும் படிப்பு ஆசையால் மட்டும் வந்ததல்ல. டிப்ளோமா முடியப்போகிறது. கொழும்பில் ஒரு கணக்கியல் நிறுவனம் மேற்படிப்புக்கு இவளுக்கு இடம் கொடுத்திருந்தது. முதல் தவணைக் கட்டணம் ஐம்பதினாயிரம். பதிவு நாளன்று நேரில் போய்க் கட்ட வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான், அப்போது கட்டணமும் ஏறியிருக்கும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இன்னும் ஒரு வருஷம் என்று நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. போக வேண்டும், இந்தத் தடவையே போக வேண்டும் என்று மனசு பஸ் ஸ்டாண்டிலேயே நின்றது.

அம்மா தனலெட்சுமி கொழுந்து பறிக்கிறவள். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மாவின் கையில் காசு தங்குவதில்லை, ஆனால் ஊருக்குள் ஒரு மரியாதை இருந்தது. லயத்தில் சீட்டு நடத்துகிறவள் அவள். பத்துப் பெண்கள் சேர்ந்த சீட்டு. சம்பளம் போட்ட அன்று பின்னேரம் ஆளுக்கு ஐயாயிரம் கொண்டுவந்து தனலெட்சுமி வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், வைப்பார்கள். சேர்ந்த ஐம்பதினாயிரத்தை அந்த மாதத்துக்காரி வாங்கிக்கொண்டு போவாள். யாருக்கு எந்த மாதம் என்பதைத் தொடக்கத்திலேயே பால்மா டின்னுக்குள் துண்டு போட்டுக் குலுக்கி எடுத்துவிடுவார்கள். அம்மாவின் பெயர் மட்டும் டின்னுக்குள் போகாது. சீட்டு நடத்துகிறவளுக்குக் கடைசி மாதம். அவளுக்கு முன்னால் நடத்தியவளும் அப்படித்தான் எடுத்தாள், அதனால் இவளும் எடுத்தாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கையெழுத்து இல்லை, பத்திரம் இல்லை, இதுவரை ஒருத்தி ஒரு மாதம் தவறியதும் இல்லை.

வீட்டில் நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலை எடுத்து, அதன் தற்போதைய பெறுமதியைக் கணித்து வரச் சொல்லி விஜேந்திரன் சேர் ஒப்படை கொடுத்தார். பிள்ளைகள் போன் தவணையையும் முச்சக்கரவண்டி லீசிங்கையும் கொண்டுவந்தார்கள். சுபாஜினி சீட்டைக் கொண்டுபோனாள். முதல் மாதம் எடுக்கிறவளுக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசி மாதம் எடுக்கிறவள் அந்தக் கடனை வட்டியில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். அம்மா சுற்றுக்குச் சுற்று எவ்வளவு இழந்தாள் என்று சதம் வரைக்கும் போட்டுக் காட்டியிருந்தாள். விலைவாசி தலைகால் தெரியாமல் ஏறிய அந்த வருஷத்துக்குத் தனியாக ஒரு பக்கம்.

சேர் நல்ல புள்ளிதான் போட்டார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வியும் எழுதியிருந்தார். "கணக்குச் சரி. பத்துப் பேரும் தவறாமல் கட்டுவார்கள் என்று எதை வைத்து எடுத்துக்கொண்டீர்?" சுபாஜினி அதற்குக் கீழே, "அவர்கள் எங்கள் ஆட்கள்" என்று கிறுக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனாள். சேர் சும்மா எதையாவது எழுதுவார் என்பது அவளுடைய நினைப்பு.

அன்று பின்னேரமே ஒப்படையை அம்மாவின் மடியில் போட்டாள்.

"இந்தா பாருங்கம்மா. நீங்க கடைசியா எடுக்கிறதால எவ்வளவு போயிருக்குன்னு."

தனலெட்சுமி அந்தத் தொகையை விரலால் தடவிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு முகம் சிவந்தது.

"அப்போ இத்தன வருஷமா இவளுங்க எல்லாம் என் தலையில மொளகா அரைச்சிருக்காளுங்களா?"

"அவங்க ஒன்னும் செய்யலம்மா. நீங்களாத்தான் கடைசியா எடுக்கிறீங்க."

"ரெங்கம்மா வீட்டு டீவி எங் காசு. கலாராணி மகளுக்குச் சடங்கு வெச்சது எங் காசு." அம்மாவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கும் எதுவோ சேர வேண்டியிருந்தது என்று தெரிந்ததில், அந்தக் கோபத்துக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. "இந்தச் சுத்துக்கு மொதச் சீட்டு எனக்கு. நீ கொழும்புக்குப் போ புள்ள."

சுபாஜினி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். படித்த படிப்பு ஒன்று கண் முன்னால் காசாக மாறுவதைப் பார்க்கும் மயக்கம் அவளுக்கு.

புதுச் சுற்றுத் தொடங்கிய அன்று தனலெட்சுமி எழுந்து நின்று, இந்த முறை முதல் மாதம் தனக்கு என்று சொன்னாள். இஸ்தோப்பில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு, "எடுங்கக்கா, ஒங்களுக்கில்லாததா" என்று பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா சொன்னாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். டின்னைக் குலுக்கினார்கள். இரண்டாம் மாதம் ரெங்கம்மாவுக்கு விழுந்தது, மூன்றாவது கலாராணிக்கு. ரெங்கம்மாவுக்கு வாயெல்லாம் பல். மழை பிடிக்குமுன் கூரைத் தகரம் மாற்றிவிடலாம். எல்லோரும் காசை வைத்தார்கள். தனலெட்சுமி ஐம்பதினாயிரத்தையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். பதிவு நாளுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது சுபாஜினி இல்லையே. பின்னேரங்களில் லயத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துச் சேர்த்த காசில், இத்ரூஸ் முதலாளியின் கடையில் நீலநிறத்தில் ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கினாள். நஸ்மியாவின் முகத்துக்காக அவர் விலையைக் குறைத்தும் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு பின்னேர பஸ்ஸில் ஏறினாள். பதுளையில் மாதச் சாமான் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும் சனம் அத்தனையும் அந்த பஸ்ஸில் இருந்தது. வளைவுக்கு வளைவு சூட்கேஸ் உருண்டுபோய் யாராவது ஒருத்தியின் காலில் இடித்தது. ஒவ்வொருத்தியாக அதைத் தள்ளிவிட்டு இவள் முகத்தைப் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆள் வரத்து ஆரம்பமாகியது. கறிவேப்பிலை கேட்டு ஒருத்தி. சீனி கேட்டு ஒருத்தி. கேட்டதை வாங்கிக்கொண்டு போகாமல் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்; பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறதா, திறந்திருக்கிறதா, உள்ளே யாருடைய துணி என்று. மலையில் கொழுந்து எடுக்கும்போதும் பேச்சு நின்று நின்று போவதாக அம்மா சொன்னாள். தோட்டத்தின் கீழ் டிவிசனில் சீட்டு நடத்திய ஒருத்தி முதல் மாதத்தை எடுத்துக்கொண்டு குவைத்துக்குப் பறந்த கதை, எப்போதோ செத்துப்போயிருந்த அந்தக் கதை, மறுபடியும் உயிர்பெற்று லயம் லயமாக நடந்தது.

"நீங்களும் மகளோட போறீங்களாக்கா?" என்று கலாராணி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"நான் எங்கடி போவேன்? காலையில பெரட்டுல பேர் குடுத்தா மலைக்குப் போவேன், மலைக்குப் போனா வீட்டுக்கு வருவேன்."

"இல்ல, கேட்டேன். மொதல்லயே எடுத்துட்டீங்க. இனிமே நீங்க எதுக்கு எங்களத் தேடி வரணும்?"

கலாராணி அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். உள்ளே படித்துக்கொண்டிருந்த சுபாஜினிக்குச் சுருக்கென்றது. சேரின் சிவப்பு மை கண்ணுக்கு முன் வந்தது. அவர்கள் எங்கள் ஆட்கள் என்று எழுதினாளே, அவர்கள் தவறாமல் கட்டியது அதனாலா? நடத்துகிறவளின் காசு கடைசிவரைக்கும் உள்ளே கிடந்ததால் அல்லவா? ஒன்பது பேருக்கும் கொடுத்து முடிக்காமல் தனலெட்சுமிக்கு ஒரு சதம் கிடைக்காது என்ற நிம்மதியில் அல்லவா அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வைத்தார்கள்? அம்மா இழந்ததாக அவள் போட்ட கணக்கெல்லாம் அந்த நிம்மதியின் விலை. ஒப்படையில் அதற்கு ஒரு வரி இல்லை.

அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய? பதிவு நாள் நெருங்கிவிட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். படிக்க உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் அலுமாரிச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாம் சீட்டு கட்டும் நாள் கொழும்புக்குப் போவதற்கு முதல்நாளாக வந்து வாய்த்தது.

அன்று பின்னேரம் எல்லோரும் வந்தார்கள். யாரும் வராமல் இருக்கவில்லை, அதுதான் வேடிக்கை. சுவரோரமாக வரிசையாகக் குந்திக்கொண்டார்கள். ரெங்கம்மா தன் ஐயாயிரத்தை வைத்தாள். தனலெட்சுமி தன்னுடையதை வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு கையும் நீளவில்லை.

"என்னாங்கடி?"

"சம்பளத்துல நெறைய புடிச்சிட்டாங்கக்கா."

"நாளைக்குத் தாறேன்க்கா."

"எடுத்துவர மறந்துட்டேன்."

தனலெட்சுமி கத்தினாள். எத்தனை வருஷம், எத்தனை சுற்று, யார் யாருக்கு எந்த நேரத்தில் ஓடினேன் என்று மூச்சு வாங்கக் கத்தினாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். ரெங்கம்மா அழ ஆரம்பித்தாள். "பழைய தகரத்தக் கழட்டிட்டாங்கக்கா. கூரைக்குப் படங்குதான் இழுத்துக் கட்டியிருக்கு. மழ வந்தா நாங்க எங்க போவோம்?"

"ஒனக்குக் காசு வரும். நடத்துறவ நானு" என்றாள் தனலெட்சுமி. சொல்லும்போதே அவள் கை காதுத் தோட்டுக்குப் போனது. அந்தத் தோட்டில் தேறுவது எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

சுபாஜினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அந்த இஸ்தோப்பைத் தவிர வேறு என்ன இருந்தது? மாதத்தில் ஒருநாள் தொரைமாரைப் போல நடுவில் உட்கார்ந்து அந்த மாதத்துக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாளே, அதைத் தன் கல்குலேட்டரால் தட்டிவிட்டோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது. கூடவே ஆத்திரமும் முட்டியது. ஒரே ஒரு நாள்! நாளைக்கு விடிந்தால் பஸ். கண்ணை மூடிக்கொண்டு போய்விட்டால் யார் தடுப்பது?

அவள் உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டதும் அம்மா திரும்பினாள்.

"வேணாம் புள்ள. அதத் தொடாத."

சுபாஜினி ஐம்பதினாயிரத்தையும் கொண்டுவந்து ரெங்கம்மாவின் மடியில் வைத்தாள்.

"இது ஒங்களுக்கு அத்தை. மொதச் சீட்டு ஒங்களோடது. எங்க அம்மாவுக்கு எப்பவும் போல கடைசி. எல்லாருக்கும் ஒரு மாசம் முன்னுக்கு வரும்."

ரெங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காசை எடுத்தாள். பிறகு கலாராணி சட்டைக்குள் கையை விட்டாள். சுருட்டி வைத்திருந்த ஐயாயிரத்தை எடுத்து நடுவில் வைத்தாள். அடுத்தவள் இடுப்பிலிருந்து எடுத்தாள். மறந்துவிட்டேன் என்றவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எல்லோரிடமும் காசு இருந்தது. எல்லோரும் கொண்டுதான் வந்திருந்தார்கள். அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அவள் பழைய தனலெட்சுமியாகி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கலாராணி" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

கலாராணி இந்த மாதச் சீட்டை வாங்கி, சுபாஜினியின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். "நல்லா இருப்ப புள்ள. அடுத்த மாசந்தான் வரும்னு இருந்தேன், ஒம் புண்ணியத்துல இப்பவே வந்திருச்சு." இஸ்தோப்பு கலகலத்தது. யாரோ தேத்தண்ணி போடச் சொன்னார்கள். சற்று முன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தவர்கள் அவர்கள்தான் என்று சொன்னால் நம்ப முடியாது.

அம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "கடைசிச் சீட்டு ஒனக்குத்தான். அப்படியே தந்துருவேன், ஒரு சதம் கொறையாம."

"சரிம்மா" என்றாள் சுபாஜினி.

ஒரு சதம் குறையாத அந்தக் காசு கைக்கு வரும்போது எவ்வளவுக்குப் பெறும் என்று அவளுக்குத் தெரியும். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்களைப் பார்த்தாள். ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு மாதம் முன்னால் வந்திருந்தது. அந்த ஒன்பது மாதமும் எங்கிருந்து வந்தது என்று அங்கே அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.